நாம் அறியாமலே பேசும் எபிரேயம்

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி, நவநாள் மாலை வழிபாட்டிற்குப் பின் பங்குத் தந்தை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் ஆலய வாயிலில் வாழை மரம் கட்டி, தோரணம் தொங்கவிட்டு, வளைவில் பெரிய எழுத்தில் 'பொன்விழா யூபிலி' என்று எழுதியிருக்கிறோம். அந்த வளைவின் கீழ்தான் இன்று நாம் யாவரும் உள்ளே வந்தோம். 'பொன்விழா' நம் சொல்; எவருக்கும் விளங்கும். 'யூபிலி' எந்த மொழிச் சொல்? சென்ற ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டோம். "இங்கிலீஷ், சாமி" என்றான் ஒரு சிறுவன். "லத்தீன்" என்றார் பின்னால் நின்ற நம் உபதேசியார். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. அந்த இரு மொழிகளின் வழியாகத்தான் அது நம்மிடம் வந்தது. ஆனால் அது பிறந்த வீடு எபிரேயம்.

எபிரேய மொழியில் 'யோவெல்' என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. எரிக்கோ நகரின் மதிலைச் சுற்றிவந்த குருக்கள் ஊதியது அந்தக் கொம்பே. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து, ஐம்பதாம் ஆண்டு வரும்போது நாடெங்கும் கொம்பு ஊதி அறிவிக்க வேண்டும். அந்த ஆண்டுக்கே 'யோவெல்' என்று பெயர். அந்த ஆண்டில் கைமாறிப் போன நிலம் பழைய குடும்பத்திற்குத் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் வீட்டாரிடம் திரும்ப வேண்டும். இச்சொல்லே லத்தீனில் புகுந்து, திருத்தந்தை எட்டாம் போனிப்பாஸ் 1300ஆம் ஆண்டைப் புனித ஆண்டாக அறிவித்த நாள் முதல் திருச்சபையில் வேரூன்றியது. 2025ஆம் ஆண்டையும் திருச்சபை யூபிலி ஆண்டாகவே கொண்டாடியது.

ஆக, நம் வளைவில் நாம் எழுதியிருக்கும் சொல்லுக்குள்ளே ஒரு கொம்பு ஊதுகிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று ஊதுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வுரையின் முடிவில் இங்கேயே திரும்பி வருவோம்.

சொல்லுக்கு வேர் உண்டு

குருமடத்தில் நமக்கு எபிரேயம் கற்றுத் தந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: தேர்வுக்குப் படித்தோம், தேர்வு முடிந்ததும் மறந்தோம். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலெலும்பு முறிந்தது. ஆறு வாரம் படுக்கை. அப்போது திருநாட்டு யாத்திரை சென்று திரும்பிய நண்பர் ஒருவர் ஒரு சிறு புத்தகம் தந்தார். இன்று இஸ்ராயேல் நாட்டில் கடைத்தெருவிலும் பேருந்திலும் பேசும் எபிரேயத்தைக் கற்பிக்கும் புத்தகம் அது. பொழுது போகட்டும் என்று புரட்டினோம். அது நம்மை விடவில்லை.

எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதற்கு 22 எழுத்துகள், அத்தனையும் மெய்யெழுத்துகள். உயிரொலிகளைப் பழங்காலத்தில் எழுதுவதில்லை. படிப்பவரே சேர்த்துப் படிக்க வேண்டும். 'கல்' என்பதையும் 'கால்' என்பதையும் 'கோல்' என்பதையும் 'க்ல்' என்றே எழுதிவைத்தால் எப்படியிருக்கும்? இடமறிந்துதானே படிக்க வேண்டும்! திருநூலைப் பிழையின்றி வாசிக்க வேண்டுமென்று, ஏறத்தாழ கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த யூத அறிஞர்களே எழுத்துகளுக்கு மேலும் கீழும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு உயிரொலிகளைக் குறித்தார்கள்.

இந்த மொழியில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்யெழுத்துகளே வேர். நம் தமிழிலும் வேர் உண்டு. 'உழு' என்ற வேரிலிருந்து உழவு, உழவன், உழத்தி என்று கிளைகள் வருகின்றன. ஆனால் நாம் வேரின் பின்னால் ஒட்டுகளைச் சேர்க்கிறோம். எபிரேயரோ முன்னும் பின்னும் சேர்ப்பதோடு, வேரின் இடையிடையே உயிரொலிகளையும் மாற்றுவார்கள். 'க - த - வ' என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுதல் என்பது அதன் பொருள். 'காதவ்' என்றால் எழுதினான். 'கோதேவ்' என்றால் எழுதுகிறான். 'மிக்தாவ்' என்றால் கடிதம். 'க்தோவெத்' என்றால் முகவரி. 'கெதுபா' என்றால் திருமண ஒப்பந்தப் பத்திரம். ப, வ இரண்டும் அங்கே ஒரே எழுத்து. 'கெதூவிம்' என்றால் எழுதப்பட்டவை. யூதர்கள் தம் திருநூலின் மூன்றாம் பகுதிக்கு இட்ட பெயரும் அதுவே. சங்கீதங்கள் அப்பகுதியில்தான் உள்ளன. ஒரு வேர் தெரிந்தால் ஆறு சொற்கள் கைவந்துவிட்டன, பார்த்தீர்களா!

கடைத்தெருவுக்கு வந்த மறைமொழி

ஏறத்தாழ கி.பி. 2ஆம், 3ஆம் நூற்றாண்டுகளுக்குப் பின் எபிரேயம் எந்தக் குழந்தைக்கும் தாய்மொழியாக இல்லாமற் போயிற்று. ஜெபத்திலும் மறைநூல் கல்வியிலும் கடிதங்களிலும் மட்டும் வாழ்ந்தது. 1858இல் பிறந்த எலியேசர் பென் யெகூதா என்பவர், 1881இல் யெருசலேமுக்குக் குடிவந்தார். மறுஆண்டு பிறந்த தம் மகனிடம் எபிரேயம் தவிர வேறு மொழி பேசுவதில்லை என்று வைராக்கியம் கொண்டார். பக்கத்து வீட்டார் ஏளனம் செய்தார்கள். சமயப் பற்றுள்ள யூதர் சிலர், புனித மொழியைச் சமையற்கட்டுக்குள் இழுப்பதா என்று சினந்தார்கள். ஆயினும் பிள்ளைகள் பேசினார்கள்; பள்ளிகள் கற்பித்தன. 1922இல் பாலஸ்தீன நாட்டில் ஆங்கிலம், அரபு மொழிகளோடு எபிரேயமும் ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டு அவர் மறைந்தார். இன்று பல லட்சம் பேருக்கு அது தாய்மொழி.

இரண்டாயிர ஆண்டுப் பழைய மொழியில் செய்தித்தாளுக்கும் மின்சாரத்திற்கும் சொல் ஏது? பழைய வேர்களிலிருந்தே புதுத் தளிர்களை எடுத்தார்கள். 'ஏத்' என்றால் காலம். எல்லாவற்றிற்கும் ஒரு காலமுண்டு என்று ஞானி எண்ணிச் சொல்லும் இடத்தில் வரும் சொல் அது. அதிலிருந்து 'இத்தோன்' வந்தது, செய்தித்தாள். எசேக்கியேல் இறைவாக்கினர் தாம் கண்ட காட்சியில் நெருப்பின் நடுவே ஒளிர்ந்ததை 'ஹஷ்மல்' என்று குறித்தார். இன்று யெருசலேமில் மின்கட்டணம் கட்டப் போகிறவர் சொல்லும் சொல் அதுவே!

இப்படி அன்றாடச் சொற்களைப் படித்துக்கொண்டு போகும்போது, ஒவ்வொன்றின் அடியிலும் விவிலியம் தட்டுப்பட்டது. சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கடையில் பொருள் வாங்கியதும் அவர்கள் சொல்வது 'தோதா', அதாவது நன்றி. லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தில் அப்பங்களோடு செலுத்தப்படும் நன்றிப் பலிக்கு இதுவே பெயர். லேயாள் தன் நான்காம் மகனைப் பெற்றபோது, இம்முறை ஆண்டவரைப் புகழ்வேன் என்று சொல்லி அவனுக்கு 'யெகூதா' எனப் பெயரிட்டாள். அப்பெயரும் இவ்வேரோடு உறவாடுவதே. நற்கருணைக்குக் கிரேக்கத் திருச்சபை தந்த பெயரும் நன்றி கூறுதல் என்றே பொருள்படும். நன்றியும் அப்பமும் ஒரே பீடத்தில் சேர்ந்தே வந்திருக்கின்றன.

வேலைநிறுத்தத்திற்கு அவர்கள் சொல் 'ஷ்விதா'. ஓய்வு நாளாகிய 'ஷபாத்' பிறந்ததும் அதே வேரில்தான். நிறுத்திவிடுதல் என்பது பொருள். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமை மக்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் கையை நிறுத்து, உன் வேலைக்காரனையும் உன் மாட்டையும் நிறுத்தவிடு என்று கட்டளை வந்தது எத்தனை பெரிய விடுதலை! ஞாயிறன்றும் கூலியாளை விடாத நம்மவர் சிலர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரக்கத்திற்கு அவர்கள் சொல் 'ரஹமிம்'. கருப்பைக்குச் சொல் 'ரெஹெம்'. பிள்ளைக்கு ஒன்று என்றால் "பெத்த வயிறு பத்தி எரியுது" என்று நம் தாய்மார்கள் சொல்வதில்லையா? இசையாஸ் 49ஆம் அதிகாரத்தில், தாய் தன் பிள்ளைக்கு இரங்க மறப்பாளோ என்று ஆண்டவர் கேட்குமிடத்தில் நிற்பது இந்தச் சொல்லே. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1980இல் இறை இரக்கத்தைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதை எடுத்து விளக்கியிருக்கிறார்.

பேருந்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் 'ஸ்லிஹா' என்பார்கள். மன்னியுங்கள் என்பது பொருள். பழைய ஏற்பாட்டில் இவ்வேரின் வினைச்சொல்லுக்கு எழுவாயாக வருபவர் இறைவன் ஒருவரே. மனிதன் மனிதனை மன்னிப்பதைக் குறிக்க அது அங்கு வருவதே இல்லை. இறைவனுக்கே உரியதாக நின்ற சொல்லை, இன்று நெரிசலில் நிற்கும் எவரும் எவரிடமும் சொல்கிறார்கள். இறைவனின் வேலையில் நமக்கும் பங்கு கிடைத்ததாகவே இதை நாம் எண்ணி மகிழ்ந்தோம்.

இனி நாம் நாளும் சொல்லும் 'ஆமென்'. உறுதியாயிருத்தல் என்பது அதன் வேர். அவ்வேரில் பிறந்த 'எமூனா' நம்பிக்கையைக் குறிக்கும். 'எமெத்' உண்மையைக் குறிக்கும், "மெய்யாகவா?" என்று வியப்போடு கேட்க இன்றும் 'பெஎமெத்?' என்பார்கள். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில், போர் நடக்கும்போது மோயீசனின் கைகள் சோர்ந்தன. ஆரோனும் ஹூரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க, கதிரவன் மறையும்வரை அவர் கைகள் 'எமூனா'வாக இருந்தன என்று எபிரேய மூலம் சொல்கிறது. அசையாமல் நின்றன என்பது கருத்து. நாம் ஆமென் என்று சொல்லும்போது, இதில் அசையாமல் நிற்பேன் என்று கையெழுத்துப் போடுகிறோம். தனியாக நிற்க முடியாதபோது இருபக்கமும் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். பங்கு என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான்.

ஓர் எச்சரிக்கை

வேர் தேடுவதில் ஆசை மிகுந்தால் ஆபத்தும் உண்டு. ஓசை ஒத்தாலே உறவாகிவிடாது. நம் மொழியில் மாலைப் பொழுதும் பூமாலையும் ஒரே ஓசை. அதனால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சாதித்தால் தமிழாசிரியர் காதைத் திருகுவார். எபிரேயத்திலும் 'லெஹெம்' என்றால் அப்பம். பெத்லெகேம் என்பது அப்பத்தின் வீடு. 'மில்ஹமா' என்றால் போர்; இரண்டிலும் அதே மூன்று எழுத்துகள். அதற்காக அப்பத்தால்தான் போர் வந்தது என்று மறையுரை வைத்துவிடலாகாது. வேரின் பொருள் ஒன்றை வைத்தே ஒரு சொல்லுக்குள் இறையியல் முழுவதையும் அடைக்கலாகாதென்று ஜேம்ஸ் பார் என்ற விவிலிய அறிஞர் 1961இல் தம் நூலில் வன்மையாகக் கண்டித்தார். வேர் வழிகாட்டும், தீர்ப்புச் சொல்வது திருநூல் அச்சொல்லை எப்படி ஆள்கிறது என்பதே. இனி நாம் சொல்லப்போவதையும் அந்த உரைகல்லில் உரசியே சொல்லுகிறோம்.

அண்ணனும் தம்பியும்

முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் அண்ணன் தம்பி இருவர். ஊரையும் பெயரையும் விட்டுவிடுவோம். தம்பியின் மகள் திருமணத்திற்காக, அண்ணன் மனைவி தன் கழுத்திலிருந்த எட்டுப் பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்துத் திருமணம் நடந்தது. வட்டி கட்டவில்லை, நகை ஏலத்தில் போயிற்று. ஐந்து ஆண்டுகள் இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. ஊர்த் திருநாள் வந்தது. தேரிழுக்க ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார் என்றார்கள். நாம் இருவரையும் பங்களாவுக்கு அழைத்தோம்.

"சமாதானமாகிக் கொள்ளுங்கள்" என்றோம்.

அண்ணன் சொன்னார்: "சாமி சொன்னா கையக் கொடுக்கிறேன். ஆனா எம் பொண்டாட்டி கழுத்து அஞ்சு வருஷமா வெறுங்கழுத்தா இருக்கு, சாமி. அத முதல்ல கேளுங்க."

நாம் அதைக் கேட்கவில்லை. "ஆண்டவர் சிலுவையில் மன்னித்தாரே, நீ பவுன் கணக்குப் பார்க்கிறாயா?" என்று அதட்டினோம். அவர் தலை குனிந்துகொண்டார். தம்பியின் கையைப் பிடித்தார். தேர் ஓடிற்று. நம்மை ஊரார் மெச்சினார்கள். அடுத்த ஞாயிறு முதல் அந்த அண்ணன் நன்மை வாங்க வரவில்லை. கோவிலின் கடைசித் தூணருகே நின்றுவிட்டுப் போய்விடுவார். கோபம் தணிந்தால் வருவார் என்று நாமும் விட்டுவிட்டோம். பிறகு மாற்றலாகி வேறு பங்குக்கு வந்துவிட்டோம்.

காலொடிந்து கிடந்த ஆறு வாரத்தில், அந்தச் சிறு புத்தகத்தில் 'கடையில்' என்றொரு பாடம் வந்தது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்க என்ன சொல்லவேண்டும்? 'கமா லெஷலேம்?' கொடுக்க வேண்டியதைக் கொடுத்தல் என்பதற்கு அங்கே 'லெஷலேம்' என்ற சொல். அதன் கீழே வேரைக் காட்டி, அதே குடும்பத்துச் சொற்களை வரிசையாகத் தந்திருந்தார்கள். 'ஷலேம்': முழுமையானது, குறைவற்றது. 'தஷ்லூம்': செலுத்தும் தொகை. 'ஷாலோம்': சமாதானம்.

புத்தகத்தை மூடிவிட்டோம். "அத முதல்ல கேளுங்க" என்ற குரல் காதில் ஒலித்தது.

மேலே சொன்ன எச்சரிக்கையை மறக்காமல் விவிலியத்தை எடுத்துத் தேடினோம். 'ஷாலோம்' என்பது சண்டையில்லாத நிலை மட்டுமன்று. ஒருவரை நலமா என்று கேட்க 'மா ஷ்லோம்கா?' என்பார்கள், பெண்ணிடமானால் 'மா ஷ்லோமேக்?' என்பார்கள். உன் சமாதானம் எப்படி என்பதே அதன் நேர்ப்பொருள். 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில் தாவீது போரின் ஷாலோம் எப்படி என்றுகூட விசாரிக்கிறார்! ஆகவே அது உடல், வீடு, வயல், வரவுசெலவு எல்லாம் குறைவின்றி நிற்கும் நிலை. அரபு மொழியின் 'சலாம்' இதன் உடன்பிறப்பு; 'இஸ்லாம்' என்ற சொல்லும் அந்த வேரினதே. நம் முஸ்லிம் அண்டை வீட்டார் ஒவ்வொரு நாளும் வாழ்த்துவது இந்தச் சொல்லால்தான்.

ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில், சூசையின் சகோதரர்கள் அவனிடம் ஷாலோமாகப் பேச முடியாதவர்களாயினர் என்று கதை தொடங்குகிறது. பிறகு தந்தை யாக்கோபு அவனை அழைத்து, உன் சகோதரரின் ஷாலோமைப் பார்த்து வா என்று அனுப்புகிறார். பேச முடியாதவர்களின் நலத்தை விசாரிக்கப் போன பிள்ளை குழியில் தள்ளப்பட்டான், விற்கப்பட்டான். வீட்டுக்குள் ஷாலோம் இல்லாவிட்டால் என்ன நேருமென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி யாத்திராகமம் 21, 22ஆம் அதிகாரங்கள். மாட்டைத் திருடியவன் ஒன்றுக்கு ஐந்தாகவும், ஆட்டைத் திருடியவன் ஒன்றுக்கு நான்காகவும் ஈடுகட்ட வேண்டும். தன் நெருப்பால் பிறன் வயலை எரித்தவன் ஈடுகட்ட வேண்டும். இரவல் வாங்கிய மாட்டைச் சாகவிட்டவன் ஈடுகட்ட வேண்டும். இங்கெல்லாம் எபிரேய மூலத்தில் நிற்கும் வினை 'ஷலேம்' என்னும் நம் வேரே. அடுத்தடுத்துப் பத்துக்கு மேற்பட்ட முறை வருகிறது. குறைந்ததை நிறைவாக்கு என்பதே அதன் உள்ளீடு. ஏழையின் மேலாடையை அடகாக வாங்கினால் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, இரவில் அவன் எதைப் போர்த்துக்கொள்வான் என்று இறைவன் கேட்பதும் அதே 22ஆம் அதிகாரத்தில்தான். அடகுக் கடையில் போன சங்கிலியைப் பற்றி இறைவன் கேட்டார். அவருடைய குரு கேட்கவில்லை.

புதிய ஏற்பாட்டையும் பார்த்தோம். சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றபோது, யாரிடம் வஞ்சித்து வாங்கியிருந்தாலும் நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னார். ஆட்டைத் திருடியவனுக்குச் சட்டம் விதித்த அதே கணக்கு! அதன் பின்னரே, இன்று இவ்வீட்டிற்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் மொழிந்தார். லூக்காஸ் இதைக் கிரேக்கத்தில் எழுதினார். ஆயினும் மீட்பு என்பதற்கு எபிரேயச் சொல் 'யெஷுவா'. ஆண்டவரின் திருப்பெயரும் அதே வேரில் பிறந்ததே. நாம் குருத்து ஞாயிறன்று பாடும் 'ஓசன்னா'வும், எங்களை மீட்டருளும் என்று அதே வேரிலிருந்து எழும் கூக்குரல்தான். திருப்பிக் கொடுக்கத் துணிந்த வீட்டிற்குள் மீட்பே விருந்தாளியாக வந்து அமர்ந்தது.

ஐந்தும் மூன்றும் எட்டு

கால் குணமானதும் அந்த ஊருக்குப் போனோம். முதலில் அண்ணன் வீட்டுக்குப் போய், அவரிடமும் அவர் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டோம். "சாமி போய் எங்கிட்ட..." என்று அவர் பதறி எழுந்தார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தம்பி வீட்டுக்குப் போனோம். இம்முறை பவுன் கணக்கைக் கேட்டோம். அவரும் பொல்லாதவர் அல்லர். கேட்பாரில்லாததால் கடனைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்ட வெட்கத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழ்ந்தவர். மகசூலுக்கு மகசூல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மூன்றாம் ஆண்டு ஐந்து பவுனில் ஒரு சங்கிலி செய்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுப் படியேறினார். மீதி மூன்றுக்கு இன்னும் தவணை கேட்டார்.

"போதும்டா" என்றார் அண்ணன்.

அந்த அம்மா உள்ளே போய் இலை போட்டாள். அன்று அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்றே கேள்விப்பட்டோம். ஆனால் சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு அண்ணன் கடைசித் தூணை விட்டு முன்னே வந்து நன்மை வாங்கியதாக அங்குள்ள பங்குத் தந்தை நமக்கு எழுதினார்.

தம்பி செலுத்தியது ஐந்து. அண்ணன் மன்னித்தது மூன்று. இரண்டும் சேர்ந்தே எட்டு முழுமையாயிற்று. முதல் நாளே எட்டையும் மன்னித்துவிடு என்று நாம் அதட்டியதில் ஷாலோம் இல்லை. எட்டையும் வைத்தால்தான் ஆயிற்று என்று கடைசிவரை நின்றிருந்தாலும் ஷாலோம் வந்திராது. முடிந்ததைக் கொடுக்க ஒருவர் முன்வர வேண்டும். முடியாததை விட மற்றவர் முன்வர வேண்டும். மன்னிக்கும் உரிமை நட்டப்பட்டவருக்கே உரியது. குருவானாலும் அதைப் பறித்து மற்றவருக்குத் தானம் செய்ய நமக்கு உரிமையில்லை.

முழு எடைக்கல்

அன்பர்களே! உபாகமம் 25ஆம் அதிகாரத்தில், உன் பையில் முழுமையான எடைக்கல் இருக்கட்டும் என்று கட்டளை வருகிறது. அந்த முழுமைக்கு மூலத்தில் நிற்கும் சொல்லும் 'ஷலேம்' குடும்பத்ததே. வியாபாரியின் தராசில் இருக்கும் கல்லும், பீடத்தின் முன் நாம் கைகூப்பிச் சொல்லும் சமாதானமும் ஒரே வேரில் நிற்கின்றன. நம் பழைய மொழிபெயர்ப்புகள் 'சமாதானம்' என்றன. இன்று 'அமைதி' என்கிறோம். அதுவும் நல்ல சொல். 'அமை' என்றால் பொருந்துதல். பேச்சடங்கிக் கிடப்பது மட்டுமல்ல அமைதி, அததற்குரிய இடத்தில் அதது பொருந்தி நிற்பதும் அமைதியே.

எபிரேயம் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு நாம் கண்ட வழி எளியது. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வாரத்திற்கு ஒரு வேர் போதும். பக்கத்தின் தலையில் மூன்று எழுத்துகளை எழுதுங்கள். கீழே இடப்பக்கம் இன்று கடையிலும் வீட்டிலும் வழங்கும் சொற்கள். வலப்பக்கம் அவ்வேர் வரும் விவிலிய இடம் ஒன்று. வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஆண்டிறுதியில் ஐம்பது வேர் கைவசமாகும். அவற்றின் கிளைகளாக இருநூறு முந்நூறு சொற்கள் தாமே வந்து சேரும். செவ்வாய்தோறும் மாலையில் பங்களா வராந்தாவில் நாம் காத்திருப்போம். ஆமென் எனும் வேரிலிருந்து தொடங்குவோம்.

மொழி கற்க இயலாத பெரியோர்களிடம் வேறொன்று கேட்கிறோம். பொன்விழாத் திருப்பலிக்கு இன்னும் ஆறு நாட்கள் உள்ளன. அன்று சமாதான வாழ்த்தின்போது நாம் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பிக் கைகூப்புவோம். யார் பக்கம் திரும்ப நமக்குக் கூசுகிறதோ, அவரிடம் நாம் வாங்கியதென்ன என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். பவுனாயிருக்கலாம், வரப்பில் ஒரு முழம் மண்ணாயிருக்கலாம், ஊரறியப் பறித்த நற்பெயராயிருக்கலாம். பறித்ததை ஊரறியத் திருப்பிக் கொடுப்பது கடினமே. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று சொன்னவர் நம் ஆண்டவர். முழுவதும் முடியாவிட்டாலும் முதல் தவணையைக் கொண்டு போங்கள். வழி தெரியாதவர்கள் நம்மிடம் வாருங்கள். இம்முறை கணக்கைக் கேட்போம் என்று வாக்களிக்கிறோம்.

நம் முன்னோர் கூரைக் கொட்டகையில் தொடங்கிய இப்பங்குக்கு ஐம்பதாம் ஆண்டு. வெளியே போகும்போது அந்த வளைவை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அச்சொல்லுக்குள் கொம்பு ஊதிக்கொண்டிருக்கிறது.

உங்கள் யாவருக்கும், உங்கள் இல்லங்களுக்கும், உங்கள் வயல்களுக்கும் தொழில்களுக்கும் ஷாலோம்!

ஆமென்.